வடிகாலே வேண்டாமாம், உறைகிணறு போதுமாம்: இருபது நிமிஷக் கதை

பழைய எம்-புக் (திரி தொடங்கியவர்):

நேத்து இதே இணைய மன்றத்துல மழைநீர் பத்தின திரியில (விவாதத்துல) 'உறைகிணறு 62' எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம கீழ ஒட்டுறேன்.

"சென்னைக்கு வடிகாலே தேவையில்லை. எல்லாம் காண்ட்ராக்டர் வயிறு வளர்க்கத்தான். 2023 டிசம்பர் 4-ம் தேதி எங்க தெருவுல முட்டியளவு தண்ணி. என் வீட்டு உறைகிணத்து மூடியைத் திறந்துவிட்டேன். இருபது நிமிஷத்துல காஞ்சுபோச்சு. வீட்டுக்கு ஒரு உறைகிணறு போட்டா வடிகால் துறையே வேண்டாம்."

ராத்திரி தூக்கம் வரலை. எழுந்து கணக்குப் போட்டேன். அவர் தெரு 200 அடி நீளம், 20 அடி அகலம்னு வைப்போம். முட்டியளவுன்னா ஒன்றரை அடி. ஆக 6,000 கன அடி. லிட்டர்ல ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம். மூணடி விட்டமுள்ள உறையோட வாய் 7 சதுர அடி. 6,000-ஐ ஏழால வகுத்தா 857 அடி. இருபது நிமிஷத்துல 857 அடின்னா நிமிஷத்துக்கு 43 அடி. மணலுக்குள்ள தண்ணி இறங்குற வேகமா இது? கயித்துல வாளி இறங்குற வேகம்!

31 வருஷம் கவர்மெண்ட் இன்ஜினியரா, எம்-புக்ல, அதாவது வேலை அளவு எழுதுற புத்தகத்துல, இதே கணக்கு எழுதினவன் நான். இருபது நிமிஷம்னு எழுதினவர் வந்து கணக்கைக் காட்டட்டும்.

உறைகிணறு 62:

வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். போன வருஷம் ரோடு மட்டம் பத்தின திரியில வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் ஆறலை போல.

நான் எங்கேயும் தெருத் தண்ணி முழுக்க என் கிணத்துக்குள்ள போச்சுன்னு சொல்லலை. தெருவுல முட்டியளவு நின்னுச்சு. அது ஒரு வாக்கியம். காஞ்சது என் வாசல். அது வேற வாக்கியம். தமிழ்ல முற்றுப்புள்ளின்னு ஒண்ணு இருக்கு, எம்-புக்ல அதுக்குக் கட்டம் கிடையாதோ என்னவோ.

எங்க வீடு திருவான்மியூர். கடல் மணல். 2003-ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அரசாங்கம் சொன்னப்ப தெருவுல பாதிப் பேர் பேருக்கு ஒரு பைப்பை மாட்டினாங்க. நான் மட்டும் ஆள் விட்டுத் தோண்டி பதினஞ்சடிக்கு உறை இறக்கினேன். அடியில மூணடிக்குக் கூழாங்கல்லும் கருங்கல் ஜல்லியும். 2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்த மாசமும் என் வீட்டுக்கு ஒரு லாரி வந்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் என்கிட்ட குடத்தோட நின்னார். அவர் எந்தத் துறையில இன்ஜினியரா இருந்தார்னு சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும், விடுங்க.

இருபது நிமிஷம் இருபது நிமிஷம்தான்.

பழைய எம்-புக்:

ஆகா, தெரு போய் வாசல் ஆயிடுச்சு. சந்தோஷம். வாசலுக்கே கணக்குப் போடுறேன்.

வாசல் 20-க்கு 15 அடி. அரையடித் தண்ணி. 150 கன அடி. உறைகிணறு காலியா இருந்தா கொள்ளளவு 106 கன அடி. மூணடிக்கு ஜல்லி வேற போட்டிருக்கீர், அதுல இடுக்குலதான் தண்ணி நிக்கும், அதையும் கழிச்சா 95 வரும். அப்போ 95 கன அடிக்கு நடந்தது உறிஞ்சல் இல்லை ஐயா, ரொப்பல். குடத்துல தண்ணி ஊத்தினா குடம் தண்ணியை உறிஞ்சிடுச்சுன்னு சொல்வீரா?

ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு, மூடியைத் திறக்கும்போது, கிணத்துக்குள்ள தண்ணி எத்தனை அடியில நின்னுச்சு?

மடிப்பாக்கத்தான்:

ரெண்டு பேரும் வசதியான இடத்துல உக்காந்து பேசுறீங்க. அதே டிசம்பர் 4. எங்க வீட்லயும் உறைகிணறு இருக்கு, அதே மூணடி உறைதான். தண்ணி கீழ போகலை, மேல வந்துச்சு! சிமெண்ட் மூடியை ஓரமாத் தள்ளிட்டு, கொப்பளிச்சுக்கிட்டு வந்துச்சு. கூடவே ஒரு பழைய செருப்பு, நாலு ஷாம்பு பாக்கெட். எங்க மண்ணு களி. நாலடி தோண்டினா மண்வெட்டியில ஒட்டிக்கிட்டு விடாது, சட்டி பானை செய்யலாம். அதுல எங்க போயி உறிஞ்சும்?

மூணு நாள் தண்ணியில இருந்தோம். ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல ஏத்தி வச்சு, கட்டில் கால்ல செங்கல் குடுத்து... விடுங்க. உறைகிணறு போதும்னு சொல்றவரு ஒரு மழைக்கு எங்க வீட்ல வந்து தங்கட்டும். இருபது நிமிஷம் வேணாம், இருபது மணி நேரம் குடுக்குறேன்.

உறைகிணறு 62:

மடிப்பாக்கம் ஏரி, கால்வாய், வயல்னு இருந்த ஊர். அதுல மனை வாங்கும்போது மண்ணைப் பாக்கலையா அண்ணே?

மடிப்பாக்கத்தான்:

வாங்கும்போது அப்ரூவ்டு லேஅவுட்னு முத்திரை இருந்துச்சு. அதை நம்பினது தப்புன்னா, முத்திரை குத்தினவனைக் கேளுங்க. 1996-ல எங்ககிட்ட இருந்த காசுக்குத் திருவான்மியூர்ல ஒரு ஜன்னல்தான் வாங்கியிருக்க முடியும்.

சிங்கை தும்பி:

வணக்கம். அமைதியாப் படிச்சுட்டிருந்தேன், ஒண்ணு சொல்லிக்கிறேன். இங்க சிங்கப்பூர்ல பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குப் பக்கத்துலதான் என் வீடு. முன்னாடி அது 2.7 கிலோமீட்டருக்கு நேரா ஓடுற காங்கிரீட் கால்வாய். அதை உடைச்சு, வளைஞ்சு நெளிஞ்சு ஓடுற 3.2 கிலோமீட்டர் ஆறா மாத்தி 2012-ல திறந்தாங்க. மழை இல்லாதப்ப குழந்தைங்க கரையில விளையாடுறாங்க. பெருமழை வந்தா அந்தப் புல்வெளியே ஆறாயிடும், எச்சரிக்கை மணி அடிக்கும், எல்லாரும் மேல ஏறிடுவோம். வடிகாலும் அதுதான், பூங்காவும் அதுதான். ஏன் நம்ம ஊர்ல இப்படி யோசிக்க மாட்டேங்குறாங்க?

பழைய எம்-புக்:

வந்துட்டாருய்யா சிங்கப்பூர். இன்னும் வரலையேன்னு பாத்தேன்.

தம்பி, அங்க குடிதண்ணி, சாக்கடை, மழைத்தண்ணி மூணும் ஒரே வாரியத்துக் கையில. இங்க ஒரு தெருவை எடுத்துக்குங்க. தெரு மாநகராட்சி. முனையில திரும்பினா நெடுஞ்சாலைத் துறை. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியம். தண்ணி கடைசியில போய் விழுற ஏரியும் ஆறும் நீர்வளத் துறை. சதுப்பு நிலம்னா வனத்துறை. நடுவுல மின்வாரியக் கேபிள் குறுக்க ஓடும். ஒரு குழி தோண்ட அஞ்சு கையெழுத்து. அஞ்சாவது கையெழுத்து வர்றதுக்குள்ள முதல் கையெழுத்து போட்டவர் மாறுதல்ல போயிருப்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்டது வேற. கிணத்துல தண்ணி எத்தனை அடியில நின்னுச்சு?

தென்றல் (நகரமைப்பு மாணவி):

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். முதல்ல 'வடிகால்'னு எதைச் சொல்றோம்னு முடிவு பண்ணிக்கலாமா? விழுற இடத்துலயே மண்ணுக்குள்ள இறக்குறது ஒண்ணு. ஒரு பள்ளத்துல தேக்கி மெதுவா விடுறது ரெண்டு. குழாயிலயோ கால்வாயிலயோ கடத்தி விடுறது மூணு. நிலைத்த வடிகால்னு பாடத்துல சொல்றது இந்த மூணையும் மண்ணுக்குத் தக்கபடி கோத்துப் பயன்படுத்துற முறை. உறைகிணறு ஐயா முதலாவதை மட்டும் பேசுறார். எம்-புக் ஐயா மூணாவதை மட்டும். மடிப்பாக்கத்துக்கு வேண்டியது ரெண்டாவது. அதைப் பத்தி யாருமே பேசலை.

உறைகிணறு 62:

ஒன்பதடி. கிணத்துல தண்ணி தரையிலேருந்து ஒன்பதடி கீழ நின்னுச்சு. போதுமா? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

பழைய எம்-புக்:

போதும். ரொம்பப் போதும்!

பதினஞ்சடிக் கிணத்துல ஆறடி ஏற்கெனவே தண்ணி. மிச்சம் ஒன்பதடி. 63 கன அடி. வாசல் தண்ணி 150. அதோட மழையும் நிக்கலை, மொட்டைமாடித் தண்ணியும் அதே கிணத்துக்குத்தான் வருதுன்னு போன திரியில நீரே பீத்திக்கிட்டீர். ஆக 63 கன அடி ரொம்பினதும் கிணறு மூச்சு விட்டிருக்கும். மிச்சம் எங்க போச்சு? கேட் வழியா தெருவுக்குப் போயிருக்கும். தெருவுக்கு வந்தது எங்க போச்சு? நீர் வேண்டாம்னு சொல்ற அந்த வடிகால்ல போச்சு.

இருபது நிமிஷம்!

உறைகிணறு 62:

எங்க தெருவுல அன்னிக்கு வடிகாலே கிடையாது சார். தோண்டிப் போட்டுட்டுப் போயிருந்தாங்க. கம்பி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுல ஒரு ஸ்கூட்டர் விழுந்துச்சு. அந்தக் கம்பி மேல சிவப்புத் துணி கட்டினது கூட நான்தான், என் பழைய சட்டை.

எந்தப் பக்கம் கூட்டிக் கழிச்சாலும் காங்கிரீட்டுக்கே லாபம் வர்ற மாதிரிக் கணக்குப் போட உங்களாலதான் முடியும். கோவளம் வடிநிலத் திட்டம்னு ஜெர்மன் வங்கிக் கடன்ல கொண்டுவந்தாங்களே, ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரம் மணல்லயும் காங்கிரீட் வடிகால்னு கிளம்பினாங்க. மழைத்தண்ணி தானா இறங்குற மணல், அதைக் கடலுக்குக் கடத்தினா கிணத்துல உப்பு ஏறும்னு ஜனங்க பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனாங்க. அவங்கல்லாம் முட்டாளுங்களா? 2021-ல கோசஸ்தலையாறு பக்கம் 588 கிலோமீட்டர் புது வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 251 மில்லியன் டாலர் கடன். குளம் தூர் வார்றதுல இந்த வேகம் உண்டா? கிலோமீட்டர்ல சொன்னாத்தானே பில்லு போட முடியும்.

பழைய எம்-புக்:

அரைகுறை. அதே கோசஸ்தலையாறு திட்டத்துலதான் 23,000 சேகரிப்புக் குழிகளை நிலத்தடியில தண்ணி ஊறுற மாதிரி சீர்படுத்துறதும் இருக்கு. உமக்கு வேண்டிய வரியை மட்டும் படிக்கிறது பழக்கம்.

ஈ.சி.ஆர். மணல்ல காங்கிரீட் தேவையில்லைன்னு நானே சொல்வேன். யார் இல்லைன்னா? ஆனா உறைகிணத்துல இருபது நிமிஷத்துல...

மாலதி, வேளச்சேரி:

நான் எட்டு ஃப்ளாட் அபார்ட்மெண்ட் ஒண்ணுக்குச் செயலாளர். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

எங்க கட்டடத்துல மொட்டைமாடியிலேருந்து நாலு வெள்ளை பி.வி.சி. பைப் அழகா இறங்குது. கிளாம்ப் எல்லாம் போட்டு. மூணு நேரா தரை டைல்ஸ் மேல வந்து முடியுது, கீழ குழியே இல்லை. கட்டி முடிச்ச சான்றிதழ் வாங்கப் போட்ட பைப். நாலாவது பைப்புக்குக் குழி இருக்கு, அது மேல ஒருத்தர் கார் நிக்குது. வருஷா வருஷம் செப்டம்பர்ல ஜல்லியை அள்ளிக் கழுவிப் போடணும்னு கூட்டத்துல தீர்மானம் போடுவோம். ஒரு ஃப்ளாட்டுக்கு 600 ரூபாய். மூணு பேர் குடுப்பாங்க. மாடியில இருக்கிறவங்க "எங்க வீட்டுக்குத் தண்ணி வராது, நாங்க எதுக்கு"ன்னுவாங்க. சுத்தி மண்ணா இருந்த இடத்துல பேவர் பிளாக் போட்டோம், தண்ணி உள்ள இறங்கும்னு சொல்லித்தான் ஆள் காசு வாங்கினான். அடியில நாலு இஞ்ச் காங்கிரீட்டைப் போட்டு அது மேல பதிச்சுட்டுப் போயிட்டான். கேட்டா, "இல்லேன்னா கார் ஏறினா அழுந்திடும் மேடம்"ங்கிறான்.

இதுதாங்க தடை. ஐ.ஐ.டி. ரிப்போர்ட் எல்லாம் வேண்டாம், 600 ரூபாய்.

மடிப்பாக்கத்தான்:

பூங்கா, குளம்னு போட்டாலும் கொசுதான் வரும். எங்க ஏரியாவுல ஒரு பள்ளம் வெட்டி, மழைத்தண்ணியைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கும்னு சொல்லிப் பஞ்சுப் பூங்கான்னு பலகை வச்சாங்க. இப்ப அதுல ஆகாயத்தாமரையும் சரக்கு பாட்டிலும். பலகை மட்டும் நல்லா இருக்கு.

சிங்கை தும்பி:

பராமரிப்பு இல்லேன்னா எதுவுமே நிக்காதுதான் அண்ணே. இங்க கூட பள்ளம் வெட்டினதோட விடலை...

மடிப்பாக்கத்தான்:

இங்க, இங்க, இங்க. தம்பி, 2015-ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. பேஞ்சுது. நான் இடுப்பளவு தண்ணியில அம்மாவைத் தோள்ல தூக்கிட்டு நடந்தேன். நீங்க எங்க இருந்தீங்க? பூங்காவுல எச்சரிக்கை மணி கேட்டுட்டிருந்தீங்களா?

சிங்கை தும்பி:

நான் 2015-ல முடிச்சூர்ல எங்க அக்கா வீட்டு மொட்டைமாடியில ரெண்டு நாள் இருந்தேன் அண்ணே. லீவுக்கு வந்தவன். படகுலதான் இறக்கினாங்க. சொல்லணும்னு இல்லை, கேட்டதால சொல்றேன்.

மடிப்பாக்கத்தான்:

சரி. முடிச்சூரா. சரி.

ஆனாலும் சிங்கப்பூர் உதாரணம் இங்க ஒட்டாது.

பழைய எம்-புக்:

பஞ்சு நகரம்னு ஆளாளுக்குப் பேசுறாங்க. சீனாவுல செங்சோன்னு ஒரு ஊர். பஞ்சு நகரம் ஆக்குறோம்னு கோடி கோடியாக் கொட்டின ஊர். 2021 ஜூலை 20, ஒரே ஒரு மணி நேரத்துல 201.9 மில்லிமீட்டர். சுரங்க ரயில் பெட்டிக்குள்ள ஜனங்க கழுத்தளவு தண்ணியில நின்னாங்க. பஞ்சு எங்க போச்சு? ரொம்பின பஞ்சு பஞ்சில்லை, கல்லு. உறைகிணறும் அதே.

நான் ஏதோ காங்கிரீட்டுக்குப் பொறந்தவன் மாதிரிப் பேசுறாங்களே, ஒண்ணு சொல்றேன். 90-கள் கடைசி. ஒரு நகராட்சி, பேர் வேண்டாம். மணல் பாங்கான வார்டு. 120 மீட்டர் வடிகாலுக்கு எஸ்டிமேட் போட்டேன். ஆறு மீட்டருக்கு ஒரு இடத்துல தளக் காங்கிரீட் போடாம விட்டு, ரெண்டடி ஆழத்துக்குக் கருங்கல் நிரப்பி, தண்ணி கீழ இறங்குற மாதிரி பண்ணினேன். யாரும் சொல்லலை, நானா யோசிச்சது. எஸ்.ஆர். புத்தகத்துல, அதாவது அரசாங்க விலைப்பட்டியல்ல, அதுக்கு ரேட்டே கிடையாது. 'கருங்கல் அடுக்குதல்'னு வேற ஒரு ஐட்டத்தை இழுத்து வச்சு எழுதினேன். அந்த வருஷம் மழையில தெருவுல தண்ணி நிக்கலை. பக்கத்துக் கிணறுங்க ஏறுச்சு. ஒரு பாட்டி வந்து முருங்கைக்காய் குடுத்துட்டுப் போச்சு.

அடுத்த வருஷம் ஆடிட். டிராயிங்படி தளம் இல்லை, இருபது இடத்துல ஓட்டைன்னு ஆட்சேபணை பாரா. விளக்கம் எழுதினேன். விளக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். ரெண்டு வருஷம். ஒரு இன்கிரிமெண்ட் நின்னுச்சு. பெரியவர் கூப்பிட்டு, "ஏம்ப்பா, எல்லாரும் போடுறதைப் போட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே"ன்னார். அதுக்கப்புறம் போட்ட எல்லா வடிகால்லயும் அடியில காங்கிரீட் போட்டேன். எம்-புக்ல மூணு அளவு: நீளம், அகலம், கனம். மண்ணுக்குள்ள போன தண்ணிக்கு அதுல எந்தக் கட்டமும் இல்லை.

உறைகிணறு 62:

சார், இதைத்தானே ரெண்டு நாளா நான் சொல்றேன்! நீங்க போட்ட இருபது ஓட்டைதான் என் உறைகிணறு!

பழைய எம்-புக்:

இல்லவே இல்லை. நான் இருபது இடத்துல விட்டேன். இருபது நிமிஷத்துல காஞ்சதுன்னு எழுதலை.

மடிப்பாக்கத்தான்:

அந்த ஓட்டைத் தத்துவத்தை எங்க ஏரியாவுக்குக் கொண்டுவந்துராதீங்க. எங்க மழைநீர் வடிகால்ல வருஷம் பூரா தண்ணி ஓடும், மே மாசமும் ஓடும். எந்த மழை? பாதி வீட்டுக் கழிவுநீரை ராத்திரியோட ராத்திரியா அதுல குடுத்திருக்கான். அடியில ஓட்டை விட்டா அது நேரா போர்வெல் தண்ணியிலதான் கலக்கும். பக்கத்து வீட்ல யார் என்ன சோப்பு போடுறாங்கன்னு குழாயைத் திறந்தா தெரியும்.

மாலதி, வேளச்சேரி:

இது உண்மை. எங்க தெரு வடிகால் மூடியைத் திறந்தா ரசம் வாசனை வருது.

தென்றல் (நகரமைப்பு மாணவி):

இப்ப பேசினது எல்லாமே ஒரே இடத்துக்குத்தான் வருது: போட்டதுக்கு அப்புறம் அது யாருடையது? பிரிட்டன்ல 2010-ல சட்டம் போட்டாங்க, புதுக் கட்டடம்னா நிலைத்த வடிகால் முறைக்கு ஒப்புதல் வாங்கணும்னு. வேல்ஸ்ல அது 2019 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. இங்கிலாந்துல சட்டத்தோட அந்தப் பகுதி மட்டும் வருஷக்கணக்கா அமலுக்கு வராமலே கிடந்தது. பெரிய சண்டை எதுலன்னா யார் பொறுப்பெடுத்துப் பராமரிக்கிறது, செலவு யாருதுங்கிறதுல. மாலதி அம்மாவோட 600 ரூபாய் சண்டை அங்கேயும் நடந்திருக்கு. இங்க 2021 வெள்ளத்துக்கு அப்புறம் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில குழு போட்டாங்க, 2023-ல அறிக்கை குடுத்தாங்க. அதை எடுத்து வச்சு...

உறைகிணறு 62:

பாப்பா, நல்லா எழுதுறே. ஆனா அறிக்கையால குழி தோண்ட முடியாது, கடப்பாரை வேணும். நான் தோண்டினேன். இவர் ஆடிட்டுக்குப் பயந்து மூடினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

பழைய எம்-புக்:

யார் பயந்தது? உம்ம மாதிரி வீட்டு வாசல்ல குழி தோண்டுறது வீரம் இல்லை. கவர்மெண்ட் காசுல தோண்டிப் பாரும், தெரியும்.

ரோடு மட்டம் திரியில என்ன சொன்னீர்? "ரோடு உசந்துதான் தண்ணி வீட்டுக்குள்ள வருது, இன்ஜினியருங்க ரோட்டு மேல ரோடு போட்டாங்க"ன்னு. 2021-லயே தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு உத்தரவு போட்டார். உம்ம தெருவுல மில்லிங் மெஷின் வந்தப்ப, வாசல்ல சரிவு போட்ட சிமெண்ட்டை உடைக்கக் கூடாதுன்னு குறுக்க நின்னது யாரு? அன்னிக்கு நீரே திரியில போட்ட போட்டோ இருக்கு. வெள்ளை பனியன்.

உறைகிணறு 62:

அந்தச் சரிவு எங்க அப்பா காலத்துல போட்டது. அவர் சக்கர நாற்காலிக்கு. தெரியாம வாயை விடாதீங்க.

பழைய எம்-புக்:

அப்பா விஷயம் தெரியாது. மன்னிக்கணும், அது வரைக்கும். ஆனா சரிவு தெருவுல ரெண்டரை அடி நீட்டிக்கிட்டு இருக்கு. தண்ணி அதுல முட்டித்தான் உம்ம வாசலுக்குத் திரும்புது. ஆக, அன்னிக்கு வாசல்ல நின்ன தண்ணி நீரே வரவழைச்ச தண்ணி. வரவழைச்சுட்டு, வடிச்சதுக்குப் பெருமை.

மாலதி, வேளச்சேரி:

திரும்ப ஆரம்பிச்சாச்சா. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல மனைன்னா பத்து சதவீதம் திறந்தவெளியா விடணும்னு விதி இருக்கே, அங்கெல்லாம் பள்ளம் வெட்டித் தண்ணி தேக்க முடியாதா? நான் உண்மையாவே கேட்கிறேன். எங்க பக்கத்துப் பெரிய அபார்ட்மெண்ட்ல அந்த இடத்துல ஷட்டில் கோர்ட் போட்டு வாடகைக்கு விடுறாங்க.

தென்றல் (நகரமைப்பு மாணவி):

முடியும் அம்மா. அதுதான் நான் சொன்ன ரெண்டாவது வகை. விளையாடுற இடத்தையே ரெண்டடி பள்ளமா வச்சா வருஷத்துல முன்னூத்தம்பது நாள் விளையாடலாம், மீதி நாள் தண்ணி நிக்கட்டும். கிண்டி ரேஸ் கோர்ஸ்ல குளம் வெட்டினதும்...

மடிப்பாக்கத்தான்:

ஷட்டில் கோர்ட்ல தண்ணி நின்னா ஆடுறவன் விடுவானா? மோட்டார் போட்டு எங்க தெருவுக்குத்தான் விடுவான். விட்டிருக்கான்.

உறைகிணறு 62:

இந்தாங்க. பழைய போன்ல தேடி எடுத்தேன். 2023 டிசம்பர் 4, காலை. 40 விநாடி வீடியோ. தண்ணி சுழிச்சுக்கிட்டுக் கிணத்துக்குள்ள போறது தெரியும். பின்னாடி என் மனைவி, "ஐயோ, சின்னவன் செருப்பு, செருப்பு"ன்னு கத்துறது கேக்கும். இனிமே யாரும் பேச வேண்டாம்.

பழைய எம்-புக்:

மூணு தடவை பாத்தேன். சுழிச்சுக்கிட்டுப் போகுது, ஒத்துக்கிறேன். ஆனா 40 விநாடிதானே? மிச்சம் பத்தொன்பது நிமிஷம் இருபது விநாடி எங்க? அதுவும் போக, 0:31-ல ஓரமாப் பாருங்க. கேட் திறந்திருக்கு. தண்ணி கேட் வழியாவும் போகுது.

மாலதி, வேளச்சேரி:

அந்தச் செருப்பு மடிப்பாக்கத்துல வந்ததா இருக்குமோ?

மடிப்பாக்கத்தான்:

எங்களுக்கு வந்தது லேடீஸ் செருப்பு.

தென்றல் (நகரமைப்பு மாணவி):

நான் முதல்ல கேட்ட கேள்வி அப்படியே கிடக்கு. மூணு வகையில எதைப் பத்திப் பேசுறோம்னு.

உறைகிணறு 62:

கேட் திறந்திருந்தது பால்காரருக்காக. அது வழியா ஒரு சொட்டு போகலை, ஏன்னா தெரு உசரம். தெரு உசரம்னு நீங்களே இப்பதான் மேல எழுதினீங்க சார். சரிவுல முட்டித் திரும்புதுன்னு. ஏதாவது ஒண்ணுல நில்லுங்க.

பழைய எம்-புக்:

சரிவு ஒரு பக்கம், கேட் ஒரு பக்கம். லெவல் மெஷின் வச்சுப் பாத்தாத்தான் தெரியும். என்கிட்ட பழைய டம்பி லெவல் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு வர்றேன். கூட ஒரு ஸ்டாப்வாட்ச். உம்ம வாசல்ல லாரித் தண்ணியை விட்டுப் பாப்போம்.

உறைகிணறு 62:

வாங்க. லாரிக்காசு உங்களுது.

பழைய எம்-புக்:

எதுக்கு என்னுது? இருபது நிமிஷம்னு எழுதினது நீர்.